அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒரு வாரம்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜூன் மாதச் சேர்க்கையின்போதும், பெற்றோர் கூட்டத்திலும், சில நேரம் பேருந்து நிறுத்தத்திலும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியர் என்ற முறையில் பதில் சொல்கிறேன். மணி நேரமும் சீருடை நிறமும் பள்ளிக்குப் பள்ளி மாறும். மற்றபடி ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை எந்த ஊரிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

திங்கட்கிழமை மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி? பத்து நிமிடம் தாமதமானால் என்ன?

முழுப் பள்ளியும் மைதானத்தில் ஒன்றாக நிற்பது அன்றைக்குத்தான். கொடியேற்றம், தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, ஒரு திருக்குறளும் அதன் பொருளும், செய்தி வாசிப்பு, தலைமையாசிரியர் பேச்சு, கடைசியில் நாட்டுப்பண். மற்ற நாள்களில் பல பள்ளிகளில் இதைச் சுருக்கமாக முடித்துவிடுவார்கள். மனோன்மணீயம் சுந்தரனார் எழுதிய தமிழ்த்தாய் வாழ்த்து 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. 55 நொடியில், முல்லைப்பாணி என்ற பண்ணில் பாட வேண்டும். அதற்கென்று ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு சின்னக் குழு இருக்கும். ஏழாம் வகுப்பில் அந்தக் குழுவில் சேர்ந்த பிள்ளை பிளஸ் டூ வரை இடத்தை விட்டுக்கொடுக்காது.

செய்தி வாசிப்பதும் மாணவர்கள்தான். வகுப்புக்கு ஒரு வாரம் என்று முறை வரும். முதல் தடவை குரல் நடுங்கும், அமைச்சர் பெயரைத் தப்பாகப் படிக்கும், பின் வரிசை சிரிக்கும். பரவாயில்லை. பின்னாளில் மாவட்டப் பேச்சுப் போட்டிக்குப் போகிற பிள்ளைகளில் பாதிப் பேர் இந்த மைக்கில் தொடங்கியவர்கள்தான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சனிக்கிழமை மாவட்ட அளவில் வாங்கிய சான்றிதழைப் பி.டி. சார் கையோடு வாங்கி வைத்துக்கொள்வார். திங்கட்கிழமை கூட்டத்தில் ஹெச்.எம். கையால் மறுபடியும் அதே பிள்ளைக்குக் கொடுக்க வைப்பார். வெளியாருக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால், அவன் ஜெயித்து வந்த விஷயம் அவனுடைய கூட்டாளிகளுக்குத் தெரிவதே அப்போதுதான். தாமதமாக வருகிறவர்கள் இதையெல்லாம் கேட்டுக்கு வெளியே நின்றுதான் கேட்பார்கள்.

ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும்?

எட்டுப் பீரியடு. முற்பகல் நான்கு, பிற்பகல் நான்கு, நடுவே இரண்டு இடைவேளையும் மதிய உணவும். வருகைப் பதிவு இப்போது கைப்பேசிச் செயலியில் போகிறது. பிள்ளை வரவில்லை என்றால் காலையிலேயே பதிவாகிவிடும். வாரத்தில் ஒன்றிரண்டு பீரியடு விளையாட்டு, ஒன்று நூலகம், ஒன்று நீதிபோதனை. ஹைடெக் ஆய்வகம் உள்ள பள்ளிகளில் கணினியில் சின்னச் சின்ன வினாடி வினாத் தேர்வும் வைப்பார்கள். இணையம் ஒழுங்காக வேலை செய்கிற நாளாகப் பார்த்து வைப்பார்கள் என்று திருத்திச் சொல்ல வேண்டும்.

விளையாட்டுப் பீரியடிலும் கணக்குதான் நடத்துகிறார்களாமே, உண்மையா?

பல பள்ளிகளில் உண்மை. அதிலும் பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பி.டி. பீரியடைக் கடன் கேட்டு ஆசிரியர்கள் வரிசையில் நிற்பார்கள். கடன் என்று பெயர்தான், திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. நூலகப் பீரியடுக்கும் இதே கதிதான்.

எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. ஒரு பள்ளி நல்ல பள்ளியா என்று பார்க்கத் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்காதீர்கள். அதை எல்லோரும் நூறுக்குப் பக்கத்தில் சொல்வார்கள். நவம்பர் மாதம் ஒரு புதன்கிழமை பிற்பகல் அந்தப் பக்கமாகப் போய்ப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மைதானத்தில் இருக்கிறார்களா? நூலக அறை திறந்திருக்கிறதா, அல்லது வினாத்தாள் கட்டு அடுக்கும் அறையாகிவிட்டதா? கால அட்டவணையில் எழுதியிருப்பது எழுதியபடி நடக்கிற பள்ளியில் மதிப்பெண்ணும் வந்துவிடும். ஏனென்றால், விளையாட்டுப் பீரியடைக் காப்பாற்றத் தெரிந்த தலைமையாசிரியருக்கு இயற்பியல் பீரியடையும் காப்பாற்றத் தெரியும்.

பெற்றோரும் இதில் பொறுப்பாளிகள்தான். "விளையாட விட்டால் மார்க் போய்விடும் சார், பூட்டி வைத்துப் படிக்க வையுங்கள்" என்று கூட்டத்தில் எழுந்து சொல்பவர்கள் எங்கள் தரப்பு ஆட்கள் இல்லை.

மாலைச் சிறப்பு வகுப்பு கட்டாயமா? பெண் பிள்ளை இருட்டுவதற்குள் வீடு வர வேண்டாமா?

பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் வைப்பது வழக்கம். மெல்லக் கற்கும் பிள்ளைகளை எப்படியும் வரச் சொல்வார்கள். ஆனால் டவுன் பஸ் கடைசி நடை ஐந்தரைக்கு என்றால் அதை வகுப்பாசிரியரிடம் முதல் வாரமே சொல்லிவிடுங்கள். தூரத்துக் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காலை வகுப்பு மட்டும் போதும் என்று ஏற்பாடு செய்வது நடக்காத காரியம் அல்ல. கேட்டால் செய்வார்கள், கேட்காமல் ஒரு மாதம் வராமல் இருந்தால் பெயர் கெடும்.

பசி இன்னொரு பிரச்சினை. மதியம் சாப்பிட்ட பிள்ளை ஐந்து மணிக்குக் கணக்குப் போடாது. முன்னாள் மாணவர்களோ பெற்றோர் ஆசிரியர் கழகமோ சுண்டலுக்கு ஏற்பாடு செய்கிற பள்ளிகளில் மாலை வகுப்புக்கு வருகை கூடும். இதை நேரில் பார்த்த யாருக்கும் ஆச்சரியமாக இருக்காது. உங்கள் ஊரில் அப்படி இல்லையென்றால் ஒரு டப்பாவில் வேர்க்கடலை கொடுத்து அனுப்புங்கள்.

மன்றம், மன்றம் என்கிறார்களே, அதில் என்ன நடக்கிறது?

தமிழ் இலக்கிய மன்றம், வினாடி வினா மன்றம், சிறார் திரைப்பட மன்றம் என்று மாதத்தில் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொன்றுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியலுக்கும் கணக்குக்கும் வானவில் மன்றம் உண்டு. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கியது. வெளியிலிருந்து ஒரு கருத்தாளர் பையில் பொருள்களோடு வந்து சோதனை செய்து காட்டுவார், செய்யவும் வைப்பார். அப்புறம் தேசிய பசுமைப் படை, இளையோர் செஞ்சிலுவைச் சங்கம், சாரணர், நாட்டு நலப்பணித் திட்டம். கடைசியாகச் சொன்னதில் பிளஸ் ஒன் பிள்ளைகள் ஏழு நாள் முகாமுக்குப் போய் ஏதாவது ஒரு கிராமத்தில் தங்கிக் கோயில் வளாகத்தையும் பள்ளியையும் சுத்தம் செய்வார்கள். திரும்பி வந்து ஒரு மாதத்துக்கு வேறு பேச்சே இருக்காது.

2024-இல் வந்த மகிழ் முற்றம் இன்னொன்று. பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுவாகப் பிரித்து, வருகை, சுத்தம், போட்டி எல்லாவற்றுக்கும் புள்ளி போடுகிறார்கள். பாலைக் குழுவில் விழுந்தால் முதல் நாள் முகம் தொங்கும். இரண்டாம் வாரம் பாலைதான் உசத்தி என்று சண்டை போடுவார்கள்.

இதெல்லாம் மார்க்குக்கு உதவுமா என்று கேட்பவர்களுக்கு: உதவும், நேரடியாகவே. பிளஸ் டூவில் ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள 100-இல் 10 அகமதிப்பீடு. வருகை, பள்ளித் தேர்வு, ஒப்படைப்பு ஆகியவற்றோடு மன்றச் செயல்பாடும் அந்தப் பத்துக்குள் அடங்கும்.

பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி என்று அலைவதால் என்ன கிடைக்கும்?

பணமும் கிடைக்கும். தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் காந்தி, நேரு, அம்பேத்கர், பெரியார், அண்ணா போன்ற தலைவர்களின் பிறந்தநாளை ஒட்டிப் பேச்சுப் போட்டி நடத்துகிறது. முதல் பரிசு 5,000 ரூபாய், அடுத்தது 3,000, மூன்றாவது 2,000. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இருவருக்குத் தனியே 2,000 ரூபாய்ச் சிறப்புப் பரிசும் உண்டு. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கான கவிதை, கட்டுரை, பேச்சுப் போட்டிகளில் முதல் பரிசு 10,000.

இந்தப் போட்டிகளுக்கு எப்போதும் ஒரே பிள்ளையை அனுப்பும் பழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. நன்றாகப் பேசும் ஒருத்தி கிடைத்துவிட்டால் எல்லாத் தலைவர்களுக்கும் அவள்தான். முதல் வரிகளும் கடைசி வரிகளும் மாறாது, நடுவில் பெயர் மட்டும் மாறும். நடுவர்களுக்கும் அது தெரியும். உங்கள் பிள்ளைக்கு ஆசை இருந்தால் தமிழாசிரியரிடம் நேரில் போய்ப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதுகிற, வரைகிற பிள்ளைகளுக்குத் தேன்சிட்டு இதழ் இருக்கிறது. அரசுப் பள்ளிகளுக்காகவே வருவது, பிள்ளைகளின் படைப்புகளும் அதில் அச்சாகின்றன.

கலைத் திருவிழா என்பது ஆண்டு விழாவா?

இல்லை. ஆண்டு விழா உங்கள் பள்ளிக்குள் நடப்பது. கலைத் திருவிழா 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய மாநிலப் போட்டி. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறும். பறை, தெருக்கூத்து, வில்லுப்பாட்டு, களிமண் சிற்பம், பலகுரல், ஓவியம், நாடகம் என்று பட்டியல் நீளும். மாநில அளவில் வெல்பவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம்.

படிப்பில் யாரும் கண்டுகொள்ளாத பிள்ளை இங்கேதான் தலையெடுக்கும். ஊர்த் திருவிழாவில் அப்பாவோடு பறை அடித்துப் பழகிய பையன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு அடிக்கத் தெரியும் என்பதே ஆசிரியர்களுக்குத் தெரியாது. தெரிந்த பிறகு அவனைப் பார்க்கும் பார்வை மாறும். அவன் ரிவிஷன் தேர்வுக்குப் படிக்கிற விதமும் கொஞ்சம் மாறும். நூற்றுக்கு நூறு வாங்குவான் என்று சொல்லவில்லை, பள்ளிக்கு மட்டம் போடாமல் வருவான்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். போட்டிக்கு ஒரு வாரம் முன்பு கூடுதலாகப் பணம் கொடுத்து வெளியிலிருந்து நடன ஆசிரியரைக் கூட்டி வருகிறார்கள். உடை வாடகை வேறு. பெற்றோர் தலையில் அது விழுந்தால் தயங்காமல் தலைமையாசிரியரிடம் பேசுங்கள்.

மகன் குறுவட்டத்தில் ஓடப் போகிறான் என்கிறான். அது என்ன? படிப்பு கெடாதா?

சில பள்ளிகளைச் சேர்த்து ஒரு குறுவட்டம். அதில் வென்றால் மாவட்டம், பிறகு மாநிலம். குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள் என்ற பெயரில் ஆண்டுதோறும் நடக்கும். 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவு. கபடி, கோ-கோ, வாலிபால், ஓட்டம், தாண்டுதல், எறிதல் எல்லாம் உண்டு. போகிற நாள்களுக்கு வருகைப் பதிவில் விடுப்பு விழாது, பள்ளிப் பணியாகவே கணக்கு.

படிப்பு கெடுமா? முதல் பருவத்தில் சில பாடங்கள் விட்டுப்போகும், அதை மறைக்க வேண்டாம். நோட்டு வாங்கி எழுத ஒரு நண்பனை முன்பே பிடித்து வைக்கச் சொல்லுங்கள். அதே நேரம் சான்றிதழை அலட்சியமாக வைக்காதீர்கள். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. தமிழக அரசு வேலைவாய்ப்பில் 3 சதவீதம் இருக்கிறது. மாநில அளவில் விளையாடிய சான்றிதழைத் தொலைத்துவிட்டு ஐந்து வருடம் கழித்து நகல் கேட்டு வருபவர்களை நிறையப் பார்க்கிறோம். அதற்குள் அந்தப் பி.டி. சார் மாற்றலாகிப் போயிருப்பார்.

செருப்பில்லாமல் ஓடியே ஜெயிக்கும் பிள்ளைகள் மண் தளத்தில் சமாளித்துவிடுவார்கள். மாவட்ட மைதானத்தில் அது நடக்காது. ஷூ வாங்க முடியவில்லை என்றால் சொல்லுங்கள், ஊரில் யாராவது ஒருவர் முன்வராமல் இருந்ததில்லை.

பள்ளி முதல் மதிப்பெண் யார் என்று ஏன் பெரிதாகச் சொல்வதில்லை?

மாநில அளவில் முதல் மூன்று இடம் அறிவிக்கும் முறையைத் தமிழக அரசு 2017-இல் நிறுத்திவிட்டது. அதற்கு முன்பு மே மாதம் வந்தாலே நாளிதழ் முழுக்க அந்தச் சில முகங்கள்தான். 499 வாங்கிய பிள்ளை கொண்டாடப்படும். 497 வாங்கியது வீட்டில் அழும். நிறுத்தியது நல்லது. சென்டம் எத்தனை என்று எண்ணி ஃபிளெக்ஸ் அடிக்கும் பழக்கம் மட்டும் ஊருக்குள் நிற்கவில்லை.

எங்கள் ஆசிரியர் அறையில் அதிகம் பேசப்படும் மதிப்பெண் 490 இல்லை. ஒரு பாடத்தில் அரையாண்டில் 11 வாங்கியவன் பொதுத்தேர்வில் 41 வாங்குவதுதான்.

என் பையன் கணக்கில் ஒற்றை இலக்கம். பத்தாம் வகுப்பு தேறுவானா?

தேறலாம். பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளில் ஒரு மதிப்பெண் கேள்வி 14. அடுத்து இரண்டு மதிப்பெண்ணில் பத்து, ஐந்து மதிப்பெண்ணில் பத்து எழுத வேண்டும். கடைசியில் எட்டு மதிப்பெண்ணுக்கு ஒரு வடிவியல், எட்டுக்கு ஒரு வரைபடம். இந்த இரண்டும் சேர்ந்து 16. முக்கோணம் வரைவதையும் தொடுகோடு வரைவதையும் வரைபடத்தில் புள்ளி குறிப்பதையும் தினமும் மாலையில் ஒன்று போட்டால் இரண்டு மாதத்தில் கை பழகிவிடும். ஒரு மதிப்பெண் கேள்விகளில் பெரும்பகுதி புத்தகத்தின் பயிற்சிப் பக்கத்திலிருந்தே வரும், அதில் ஒன்பது, பத்தைப் பிடித்தால் 25 ஆகிவிட்டது. மீதிப் பத்துக்கு இரண்டு மதிப்பெண் கணக்குகளில் உறவுகளும் சார்புகளும் மாதிரி எளிய பாடம் ஒன்றிரண்டு போதும். தேர்ச்சிக்கு 35.

அறிவியலில் நிலைமை இன்னும் சாதகம். செய்முறைக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 75. எழுத்தில் குறைந்தது 20 வாங்கியாக வேண்டும். ரெக்கார்டு நோட்டை ஒழுங்காக முடித்துச் செய்முறைத் தேர்வுக்கு வந்த பிள்ளை தோற்பது அபூர்வம்.

தவறிவிட்டாலும் அந்த ஆண்டே துணைத்தேர்வு நடக்கும். எழுதித் தேறினால் அதே ஆண்டு பிளஸ் ஒன்னோ ஐ.டி.ஐ.யோ பாலிடெக்னிக்கோ சேரலாம். முடிவு வரும் நாளில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், சித்தப்பா பெரியப்பா எல்லோரையும் போன் போட்டு விசாரிக்க விடாதீர்கள்.

பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லையாமே. ஒரு வருடம் நிம்மதியா?

2017-18-இல் கொண்டுவந்த பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டிலிருந்து இல்லை. பிள்ளைகளின் பாரம் குறைந்தது உண்மை. ஆனால் அது வந்ததற்கே ஒரு காரணம் இருந்தது. பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தன. நீட், ஜே.இ.இ. போன்ற தேர்வுகள் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் கேட்கின்றன. இயற்பியலில் இயக்கவியல் முழுவதும் பிளஸ் ஒன்னில்தான் இருக்கிறது. அதை விட்டவன் கல்லூரியில் முதல் வருடமே திணறுவான்.

எனவே நிம்மதியாக இருங்கள், பாடத்தை விடாதீர்கள். கூடவே இந்த வருடம்தான் மன்றத்துக்கும் மைதானத்துக்கும் முகாமுக்கும் நேரம் கிடைக்கும் வருடம்.

உதவித்தொகைத் தேர்வுகள் என்னென்ன? யாரும் சொல்லவே இல்லை.

சொல்லியிருப்பார்கள், பிள்ளை வீட்டில் சொல்லியிருக்காது. முக்கியமானவற்றைச் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு. ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஏழாம் வகுப்பில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். பட்டியலின, பழங்குடியினப் பிள்ளைகளுக்கு 50 போதும். மனத்திறனுக்கு 90, படிப்புத் திறனுக்கு 90. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை மாதம் 1,000 ரூபாய், அதாவது நான்கு வருடத்தில் 48,000. தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். இதற்கு ஒரு நல்ல ஆசிரியர் இருந்து காலை எட்டரைக்கு அரை மணி நேரம் மனத்திறன் பயிற்சி கொடுத்தால், சின்னக் கிராமத்து நடுநிலைப் பள்ளியிலிருந்துகூட வருடத்துக்கு நாலைந்து பேர் தேர்வாகிறார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. கிராமப்புறப் பள்ளிகளுக்கு மட்டும். மாவட்டத்துக்கு 50 பையன், 50 பெண். ஆண்டுக்கு 1,000 ரூபாய்தான், ஆனால் தேர்வு எழுதும் பழக்கம் வருகிறது.

பிளஸ் ஒன்னில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. 2022-இல் தொடங்கியது. 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு வருடத்துக்கு. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்தே கேள்வி. இடங்களில் பாதி அரசுப் பள்ளிகளுக்கு. முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு என்று இன்னொன்று. 500 மாணவர், 500 மாணவியருக்குப் பட்டப்படிப்பு வரை ஆண்டுக்கு 10,000.

அறிவியல் யோசனை உள்ள பிள்ளைகளுக்கு இன்ஸ்பயர் விருது. யோசனை தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். இணையத்தில் எடுத்த பழைய மாதிரியை அனுப்பாமல், வீட்டிலோ வயலிலோ பார்த்த ஒரு தொல்லைக்குத் தீர்வு யோசித்த பிள்ளைகளுக்கே அதிகம் கிடைக்கிறது.

அரசுப் பள்ளியிலேயே படித்தால் கல்லூரியில் என்ன பயன்?

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும். இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. அப்புறம் மாதம் 1,000 ரூபாய்: பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலிருந்து, ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலிருந்து.

கவனிக்க வேண்டியது அந்த "ஆறாம் வகுப்பிலிருந்து". எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் கட்டணம் கட்டிப் படிக்க வைத்துவிட்டு ஒன்பதில் இங்கே கொண்டுவந்து சேர்த்தால் 7.5 கிடைக்காது. ஜூன் மாதத்தில் இதைச் சொல்லும்போது முகம் சுருங்கும் பெற்றோர் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

தமிழ் வழியில் போடவா, ஆங்கில வழியில் போடவா?

பெரும்பாலான பள்ளிகளில் இரண்டும் உண்டு, ஆசிரியரும் அனேகமாக அவரேதான். தமிழ் வழியில் ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை தமிழில் படித்த பிள்ளையை ஆறில் திடீரென்று ஆங்கில வழிக்கு மாற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன். பேச்சு ஆங்கிலம் வேண்டுமென்றால் அது வேறு பயிற்சி, அறிவியலை மனப்பாடம் செய்து வருவது அல்ல.

மதியச் சாப்பாடு எல்லா வகுப்புக்கும் உண்டா?

பத்தாம் வகுப்பு வரை. வாரத்தில் ஐந்து நாளும் முட்டை உண்டு, முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் கட்டிக்கொண்டுதான் வர வேண்டும். காலை உணவுத் திட்டம் தொடக்க வகுப்புகளுக்கு மட்டும்.

இங்கே படித்துப் பெரிய இடத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்களா?

2023 செப்டம்பரில் சூரியனை ஆராய ஏவிய ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டை அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி மாணவி. சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, கோவை மாவட்டம் கோதவாடியைச் சேர்ந்தவர். இஸ்ரோ தலைவராக இருந்த சிவன், குமரி மாவட்டம் சரக்கல்விளையில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். இவர்களைப் பிள்ளைகளிடம் சொல்வது சரிதான். ஆனால் உங்கள் பள்ளியில் நாலு வருடம் முன்பு படித்து இப்போது செவிலியராகவோ வங்கியிலோ இருக்கும் அக்காவைக் கூட்டத்துக்கு அழைத்து வந்து பேச வைத்தால் கேள்விகள் அதிகம் வருகின்றன. "என்ன குரூப் எடுத்தீங்க அக்கா, ஹாஸ்டல் ஃபீஸ் எவ்வளவு" என்று நேராகக் கேட்பார்கள்.

குறை இருந்தால் யாரிடம் சொல்வது?

முதலில் வகுப்பாசிரியர், அடுத்து தலைமையாசிரியர். அதன் பிறகு பள்ளி மேலாண்மைக் குழு. அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை, தலைவரும் பெற்றோர் ஒருவர்தான். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை, சுற்றுச்சுவர் இடிந்திருக்கிறது, ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கிறது என்பதையெல்லாம் அங்கே தீர்மானமாக எழுத வைத்தால் மேலே போகும். விளையாட்டுப் பீரியடு நடக்கவில்லை என்பதையும் அதே கூட்டத்தில் எழுப்பலாம். இதுவரை அபூர்வமாகத்தான் யாரும் எழுப்பியிருக்கிறார்கள். கல்வி, உயர்கல்வி வழிகாட்டலுக்கு 14417. பிள்ளைக்கு அடி, தொல்லை, பாலியல் சீண்டல் என்றால் யாருக்காகவும் காத்திருக்காமல் 1098.

பள்ளி திறக்கும் முன்பு வீட்டில் என்ன தயார் செய்ய வேண்டும்?

சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், பிள்ளையின் பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கு. பிளஸ் டூ என்றால் முதல் பட்டதாரிச் சான்றும். எல்லாவற்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆதாரில் ஒன்று, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இன்னொன்று என்றால் உதவித்தொகை அங்கேயே நின்றுவிடும். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் முன்பு திருத்தக் கையெழுத்து கேட்பார்கள், படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். இ-சேவை மையத்துக்கு ஏப்ரலிலேயே போய்விட்டால் நல்லது. ஜூன் முதல் வாரம் போனால் டோக்கன் வாங்கவே ஒரு நாள் ஆகும்.